டிரைவரும் முத்திரையும் - ஒரு கொசுவத்திப் பதிவு

2025 தீபாவளிக்குக் கோவில்பட்டி போயிருந்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து முதல் அதிரசத்தைக் கையில் எடுத்ததுமே அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, புதுப் பொட்டி வாங்கினதுல இருந்து ஸ்கேனர் வேலை செய்யலடா. கடைக்காரப் பையன் வந்து பாத்துட்டு, 'சார், இதுக்கு டிரைவர் கிடையாது, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிருங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

அப்பா ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். தாத்தா வைத்திருந்த மளிகைக் கடையின் கணக்கு நோட்டுகள், பழைய கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள் என்று ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வீட்டில் இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, ஐதராபாத்தில் இருக்கும் எனக்கும் புனேயில் இருக்கும் தங்கைக்கும் அனுப்பி வைப்பதுதான் பல வருடங்களாக அவருக்குப் பொழுதுபோக்கு. ஊரை விட்டு வந்த எங்களுக்கு ஊர் வந்து சேரும் வழியும் அதுதான்.

ஸ்கேனர் 2006-ல் நான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிக் கொடுத்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, விளக்கு பளிச்சென்று எரிகிறது. பழைய கணினியில் இந்த ஸ்கேனருக்காகவே 32 பிட் விண்டோஸ் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. சரி, பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று புதுசு வாங்கிக் கொடுத்தோம். விண்டோஸ் 11-ல் 64 பிட் மட்டும்தான். 32 பிட் டிரைவர் அதில் ஏறவே ஏறாது. ஸ்கேனர் நிறுவனமோ இந்த மாடலுக்கு 64 பிட் டிரைவர் எழுதவே இல்லை.

அப்பா விடவில்லை. "நீ இத வாங்கிக் கொடுத்தப்பவும் ஒரு பொட்டி வந்து மிரட்டுச்சே, ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? விண்டோஸ் எக்ஸ்பி. மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி. இந்த வன்பொருள் விண்டோஸ் லோகோ சோதனையில் தேறவில்லை, தொடர்ந்தால் கணினி நிலைகுலையலாம் என்கிற மாதிரி ஒரு பத்தி. கீழே 'கன்டினியூ எனிவே', 'ஸ்டாப் இன்ஸ்டலேஷன்' என்று இரண்டு பொத்தான்கள். அப்பா பதறிப்போய் எஸ்டிடி போட்டார். நான் ஆபீஸில் ஆணி பிடுங்கிக்கொண்டே, "அது சும்மாப்பா, கன்டினியூ அமுக்குங்க" என்றேன். அமுக்கினார். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் ஓடியது.

"அன்னைக்கு மிரட்டினாலும், வேணும்னா போன்னு ஒரு பட்டன் கொடுத்தான். இன்னைக்கு அந்தப் பட்டனும் இல்ல. நல்லா இருக்குற சாமான செத்துப் போச்சுன்னு சொல்ல இவன் யாருடா?"

ஙே என்று முழித்தேன். இருபது வருடத்துக்கு மேல் இதே துறையில் சம்பளம் வாங்குகிறேன், சட்டென்று பதில் வரவில்லை. ஐதராபாத் திரும்பியபின் உட்கார்ந்து யோசித்து எழுதும் பதில்தான் இது. கொசுவத்தி கொஞ்சம் பெரியது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

துபாஷி வேலை

டிரைவர் என்றால் என்ன? நம் ஊரில் இதற்குப் பொருத்தமான ஒரு பழைய சொல் உண்டு: துபாஷி. புதுச்சேரியில் டூப்ளே கவர்னராக இருந்தபோது ஆனந்தரங்கப் பிள்ளை பார்த்த வேலை. பிரெஞ்சுக்காரர்களுக்கு உள்ளூர் வியாபாரியின் பேச்சு புரியாது, வியாபாரிக்கு பிரெஞ்சு புரியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்கிறவர் துபாஷி.

விண்டோஸோ லினக்ஸோ எந்த இயங்குதளத்துக்கும் உங்கள் ஸ்கேனரின் மோட்டாரை எத்தனை அடி நகர்த்துவது என்று தெரியாது. ஸ்கேனருக்கோ 'இந்தப் பக்கத்தைப் படம் எடு' என்றால் புரியாது. இரண்டையும் இணைக்கும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். எழுதுவது பெரும்பாலும் வன்பொருள் நிறுவனம். ஓடுவது இயங்குதளத்தின் வீட்டுக்குள்.

சிக்கலும் அங்கேதான். பல டிரைவர்கள் கர்னல் எனப்படும் உள்ளறைக்குள்ளேயே நின்று வேலை பார்க்கும். நீங்கள் கடிதம் எழுதும் மென்பொருள் தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். உள்ளறையில் நிற்கும் துபாஷி தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் மாளிகையே ஸ்தம்பித்துவிடும். நாம் பார்க்கும் நீலத்திரை அதுதான்.

காப்பியடித்த காலம்

டாஸ் காலத்தில் சான்றிதழ், முத்திரை எதுவும் கிடையாது. வேர்ட்ஸ்டார், லோட்டஸ் 1-2-3 போன்ற ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய பிரிண்டர் டிரைவரைத் தானே சுமந்துகொண்டு வரும். நிறுவும்போது பிரிண்டர்களின் நீளமான பட்டியல் ஒன்றைக் காட்டும். உங்கள் பிரிண்டர் அதில் இல்லையென்றால் கதை முடிந்தது.

அதனால் பிரிண்டர் செய்கிறவர்கள் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். பட்டியலில் கட்டாயம் இருக்கும் ஒரு பிரபலத்தைப் போல நடிப்பது! எப்சன் நிறுவனம் 1980-ல் எம்எக்ஸ்-80 என்ற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைக் கொண்டுவந்தது. அதன் கட்டளை மொழி ஊரறிந்த மொழியாகிவிட, மற்றவர்களும் தங்கள் பிரிண்டர்களுக்கு அதையே கற்றுக்கொடுத்தார்கள். மோடத்தில் 1981-ல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் அப்படி. 'ஏடி' என்று தொடங்கும் அதன் கட்டளைகளின் வாரிசுகள் செல்பேசிகளுக்குள் இன்னும் இருக்கின்றன. ஒலிக்கு 1989-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர். அட்டைப் பெட்டியில் 'சவுண்ட் பிளாஸ்டர் கம்பாட்டிபிள்' என்று போட்டிருந்தால் போதும், வாங்கிவிடுவோம்.

வாங்கிய பிறகுதான் தெரியும் சேதி. நான் பகுதி நேரம் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில், ஒரு சவுண்டு கார்டைப் பாட வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிருக்கிறது. ஐஆர்க்யூ 5-ஆ 7-ஆ, முகவரி 220-தானா என்று ஜம்பரை மாற்றி மாற்றிக் குத்தி, கடைசியில் சத்தம் வந்தபோது பிரிண்டர் நின்றுவிட்டது. இரண்டும் ஒரே எண்ணுக்குச் சண்டை! யாரிடம் போய்க் கேட்பது? கார்டு செய்தவன் கணினியைக் கைகாட்டுவான், கணினி விற்றவன் மென்பொருளைக் கைகாட்டுவான்.

பில் கேட்ஸின் ஸ்கேனர்

1990-களில் விண்டோஸ் பரவியபோது ஒரு பெரிய சௌகரியம் வந்தது. டிரைவரை ஒவ்வொரு மென்பொருளும் சுமக்க வேண்டாம், இயங்குதளத்துக்கு ஒன்று கொடுத்தால் எல்லோருக்கும் ஆயிற்று. 1995 ஆகஸ்ட் 24-ல் வெளிவந்த விண்டோஸ் 95 'பிளக் அண்ட் பிளே' என்றது. செருகினால் போதும், தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பட்ட பாட்டில் உலகமே அதை 'பிளக் அண்ட் ப்ரே' என்று கிண்டல் செய்தது. செருகு, பிறகு சாமி கும்பிடு!

இதில் மறக்க முடியாத நாள் 1998 ஏப்ரல் 20. சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். அவருடைய உதவியாளர் கிறிஸ் கபோசெலா, வெளிவரப்போகும் விண்டோஸ் 98-ன் பெருமையைக் காட்ட ஒரு யூஎஸ்பி ஸ்கேனரைச் செருகினார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலத்திரை! அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை என்று கேட்ஸே சிரித்துச் சமாளித்தார்.

அந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஸ்கேனர் எந்த நிறுவனத்துடையது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தது விண்டோஸைப் பார்த்து. துபாஷி யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் பழி மாளிகைக்காரனுக்குத்தான்.

எடைக்கல் முத்திரை

ஆகவே மாளிகைக்காரன் வாசலில் ஆள் வைத்தான்.

அதன் முதல் வடிவம் ஒரு பட்டியல். விண்டோஸ் என்டி வாங்குகிறவர்களுக்கு, எந்தெந்த வன்பொருளோடு சோதித்துப் பார்த்திருக்கிறோம் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு பட்டியல் கொடுத்தது. பெயர் ஹார்டுவேர் கம்பாட்டிபிலிட்டி லிஸ்ட், சுருக்கமாக எச்.சி.எல். எங்கள் ஜில்லாவில் மூலைப்பொழியில் பிறந்த சிவ் நாடார் 1976-ல் தொடங்கிய எச்.சி.எல்.தான் எனக்குத் தெரிந்த ஒரே எச்.சி.எல். 'எச்.சி.எல்.-ல் இருக்கும் கார்டாக வாங்கு' என்று சீனியர் சொன்னபோது, அந்தக் கம்பெனி கார்டும் செய்கிறதா என்று கேட்டு மானம் போனது தனிக்கதை.

பட்டியலுக்குப் பின்னால் இருந்தது டபிள்யூஎச்க்யூஎல், அதாவது விண்டோஸின் வன்பொருள் தர ஆய்வகம். டிரைவர் எழுதிய நிறுவனம் குறித்த சோதனைகளை எல்லாம் ஓட்டி முடிவுகளை அனுப்ப வேண்டும். தேறினால் டிரைவருக்கு மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையெழுத்து விழும். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கையெழுத்து செல்லாது. விண்டோஸ் 2000-த்தில் கையெழுத்து இல்லாத டிரைவரைக் கண்டுகொள்ளாமல் விடலாமா, எச்சரிக்கலாமா, தடுக்கலாமா என்று மூன்று வழி இருந்தது. 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி அதே எச்சரிக்கையை மிரட்டலாக மாற்றியது. அப்பாவைப் பதற வைத்த பெட்டி அதுதான்.

இதைப் படிக்கும்போது எனக்குத் தாத்தா கடை எடைக்கற்கள்தான் ஞாபகம் வரும். இரும்புக் கல்லின் குழியில் ஈயம் ஊற்றி, அந்த ஈயத்தின் மேல் முத்திரை ஆய்வாளர் வந்து அரசாங்க முத்திரை குத்துவார். குறித்த காலம் முடிந்தால் திரும்பவும் சோதித்துத் திரும்பவும் குத்த வேண்டும். முத்திரை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சோதித்த அன்றைக்கு இந்தக் கல் சரியாக இருந்தது. நாளைக்குத் தேயுமா, கடைக்காரர் தராசுத் தட்டில் விரல் வைப்பாரா என்பதற்கெல்லாம் முத்திரை ஜவாப்தாரி இல்லை.

அந்தச் சோதனைக்குக் காசும் நாளும் செலவாகும். மலிவான சாமான் செய்கிற கம்பெனிகள் வேறு வழி பிடித்தன. கூட வரும் கையேட்டிலேயே 'இப்படி ஒரு பெட்டி வரும், கன்டினியூ எனிவே அமுக்கவும்' என்று படத்தோடு அச்சடித்துவிட்டார்கள்! எங்கள் ஸ்கேனரின் கையேட்டிலும் அந்தப் படம் இருந்தது. கோடிக்கணக்கானவர்கள் எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டப் பழகியது இப்படித்தான். அப்பாவுக்குப் பழக்கியது நான்.

மிரட்டலில் நியாயம் இல்லாமலும் இல்லை. லினக்ஸ் கர்னலை அலசிய ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2001-ல், டிரைவர் பகுதியில் பிழை விகிதம் மற்ற பகுதிகளைப் போல மூன்று முதல் ஏழு மடங்கு வரை இருப்பதாகச் சொன்னார்கள். எக்ஸ்பியில் அப்போது பதிவான முடக்கங்களில் 85 சதவீதத்துக்குக் காரணம் டிரைவர்கள் என்கிறது 2003-ல் வந்த வாஷிங்டன் பல்கலைக்கழகக் கட்டுரை ஒன்று.

கிண்டியில் படித்த ஒருவர்

சோதனை என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துச் சரியாக இருந்தாலும் ஆயிரத்து ஒன்றாவது தடவை என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. கணக்கு வாத்தியார் தேற்றத்தை நிரூபிப்பது போல, இந்த டிரைவர் இன்ன விதியை ஒருபோதும் மீறாது என்று நிரூபிக்க முடிந்தால்?

2000-ஐ ஒட்டிய வருடங்களில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் இதில் இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் தாமஸ் பால். இன்னொருவர் ஸ்ரீராம் ராஜாமணி, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு வர்ஜீனியா, பெர்க்லி என்று போனவர். அவர்களுடைய ஆய்வின் பெயர் ஸ்லாம்.

ஒரு விதியை எடுத்துக்கொள்வோம்: பூட்டை எடுத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், எடுத்த பூட்டைத் திருப்பாமல் மறுபடி எடுக்கக் கூடாது. டிரைவருக்குள் ஆயிரக்கணக்கான கிளை வழிகள் இருக்கும். ஸ்லாம் டிரைவரை ஓட்டிப் பார்க்காது. நிரலைப் படித்து, விதிக்குச் சம்பந்தமில்லாததை எல்லாம் உதறிவிட்டு ஓர் எளிய எலும்புக்கூடு செய்து, அதில் விதியை மீறும் வழி ஏதாவது உண்டா என்று எல்லா வழிகளையும் அலசும். அப்படி ஒன்று அகப்பட்டால், நிஜ டிரைவரிலும் அது நடக்குமா என்று பார்க்கும். நடக்காது என்றால் எலும்புக்கூட்டைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு மறுபடி அலசும்.

2002-ல் வன்பொருள் பொறியாளர்கள் மாநாட்டில் பில் கேட்ஸ், கணினி அறிவியல் நெடுங்காலம் கண்ட கனவு டிரைவர் விஷயத்தில் கைகூடுகிறது என்று இதைத்தான் பெருமையாகச் சொன்னார். விஸ்டா காலத்தில் இது 'ஸ்டேட்டிக் டிரைவர் வெரிஃபையர்' என்ற கருவியாக, டிரைவர் எழுதுகிறவர்கள் எல்லோர் கைக்கும் போனது. 2011-ல் அந்தத் துறையின் சிஏவி விருது இருவருக்கும் கிடைத்தது. ராஜாமணி பின்னர் பெங்களூரில் மைக்ரோசாஃப்டின் இந்திய ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றி அதன் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார். ஊரிலிருந்து கிளம்பி சுற்றிவிட்டு ஊருக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தவர் என்பதில் எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

ஆனால் நிரூபணம் தரும் உறுதியும் நாம் எழுதிக் கொடுத்த விதிகளுக்கு மட்டும்தான். எழுதாத விதிக்கு அதுவும் ஜவாப்தாரி இல்லை.

டைரக்டருக்கே கிடைக்காத டிரைவர்

2007 ஜனவரி 30-ல் விஸ்டா கடைக்கு வந்தது. அதன் 64 பிட் பதிப்பில், கையெழுத்து இல்லாத டிரைவருக்குக் கர்னலில் இடமே இல்லை. 'தொடர்க' பொத்தான் மறையத் தொடங்கியது அங்கேதான். கூடவே டிரைவர் எழுதும் முறையும் நிறைய மாறியதால், பழைய சாமான்கள் பலவற்றுக்கு டிரைவர் வரவில்லை, வந்தவையும் அரைவேக்காடு. ஒரு வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் 2008-ல் மைக்ரோசாஃப்டின் உள் மின்னஞ்சல்களை வெளியிட்டது. 2007-ல் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 சதவீதம் என்விடியா டிரைவர்களால், 17.9 சதவீதம் மைக்ரோசாஃப்டின் சொந்த நிரலால் என்று அதில் ஒரு கணக்கு இருந்தது.

அப்பாவிடம் நான் ரசித்துச் சொன்னது வேறொரு மின்னஞ்சலை. ஜான் ஷெர்லி மைக்ரோசாஃப்டின் முன்னாள் தலைவர், அப்போது அதன் இயக்குநர் குழு உறுப்பினர். தன்னுடைய பிரிண்டருக்கு விஸ்டா டிரைவர் இன்னும் வரவில்லை, ஸ்கேனருக்கு வரவே வராது என்று கைவிரித்துவிட்டார்கள், ஆகவே ஒரு கணினியை விஸ்டாவுக்கு மாற்றவில்லை என்று ஸ்டீவ் பால்மருக்கு எழுதியிருந்தார்.

"அவருக்கே அந்தக் கதியா!" என்று அப்பா சிரித்தார். தீபாவளியன்று அவர் முகத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

இன்னொரு வழி

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புது லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. ரிச்சர்டு ஸ்டால்மன் அங்கே நிரலாளர். பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி அவரே நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதில் அதைச் செய்ய முடியவில்லை, மூல நிரலைக் கொடுக்கவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அந்த நிரலை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது.

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில் டிரைவர் கதை வேறு மாதிரி. வாசலில் முத்திரைக்காரர் கிடையாது. டிரைவரின் மூல நிரலே கர்னலோடு சேர்ந்து, பலர் கண்ணில் பட்டு, கர்னல் மாறும்போது தானும் மாற்றப்படும். கம்பெனி கைவிட்டாலும் அக்கறை உள்ள யாரோ ஒருவர் இருக்கும்வரை அது ஓடும். 2007-ல் கிரெக் குரோவா-ஹார்ட்மன், உங்கள் சாதனம் வேலை செய்யும் விவரத்தை மட்டும் கொடுங்கள், டிரைவரை இலவசமாக எழுதித் தருகிறோம் என்று கம்பெனிகளுக்கு அழைப்பே விடுத்தார்.

அங்கேயும் அமரத்துவம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியது இன்டெல் 386 கணினியில். அந்த 386-க்கான ஆதரவை 2012 டிசம்பரில் கர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பராமரிக்க ஆளில்லாததை அவர்களும் கழித்துக் கட்டுகிறார்கள். ஆனால் பழைய நிரல் திறந்தே கிடக்கிறது, வேண்டும் என்பவர் எடுத்துக்கொள்ளலாம்.

ஐதராபாத் விமான நிலையத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

முத்திரை கட்டாயமானதும் திருடர்கள் முத்திரையையே திருடத் தொடங்கினார்கள். 2010-ல் பிடிபட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸின் டிரைவர்களில் இருந்தவை ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரண்டு தைவான் நிறுவனங்களின் கையெழுத்துகள். அவர்களிடமிருந்து களவு போனவை. இரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து அது அதிகம் பரவிய நாடு இந்தியா. 2016-ல் விண்டோஸ் 10-ல், புதிய கர்னல் டிரைவர் எதுவானாலும் மைக்ரோசாஃப்டின் கையெழுத்தே வேண்டும் என்று இறுக்கினார்கள். 2021-ல் நெட்ஃபில்டர் என்ற தீய டிரைவர் ஒன்று அந்தக் கையெழுத்தையே முறைப்படி வாங்கிக்கொண்டு வந்து நின்றது!

எல்லாவற்றுக்கும் மேலானது 2024 ஜூலை 19. ஆடி முதல் வெள்ளி. குலதெய்வம் கோயிலுக்குப் போக நானும் தங்கமணியும் பிள்ளைகளும் ஐதராபாத் விமான நிலையத்தில் நிற்கிறோம். திரைகள் எல்லாம் நீலம். கவுன்ட்டரில் இருந்த பெண் பால்பாயின்ட் பேனாவை எடுத்து, போர்டிங் பாஸில் பெயர், விமான எண், இருக்கை எண் எல்லாவற்றையும் கையால் எழுதிக் கொடுத்தார். அன்று கையால் எழுதிய பாஸ்களின் படம் நாடு முழுக்கச் சுற்றியது உங்களுக்கு நினைவிருக்கும்.

என்ன நடந்தது? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர், சோதனையில் தேறி முத்திரை வாங்கிய உத்தமமான டிரைவர். ஆனால் அது அவ்வப்போது படித்துக்கொள்ளும் தகவல் கோப்புகளுக்கு அந்த முத்திரைச் சோதனை இல்லை. நம் நேரப்படி காலை 9:39-க்கு அப்படி ஒரு கோப்பு உலகம் முழுக்கப் போனது. டிரைவர் 20 மதிப்புகளைக் கையில் வைத்திருந்தது, கோப்பு 21-ஆவதைக் கேட்டது. இல்லாத இடத்தில் போய்த் தேடியதும் கர்னல் விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, 85 லட்சம் கணினிகள் படுத்துவிட்டன. பலவற்றைக் கையால் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது.

தாத்தா கடைக் கல் மாதிரிதான். முத்திரை சரியாகவே இருந்தது. கல்லோடு சேர்த்துத் தட்டில் வைத்ததை யாரும் சோதிக்கவில்லை.

அப்பாவுக்குப் பதில்

நல்லா இருக்கும் சாமானைச் செத்துப் போச்சு என்று சொல்ல இவன் யார்? அப்பா, உங்கள் ஸ்கேனர் சாகவில்லை. அதற்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த துபாஷிக்குச் சம்பளம் கொடுப்பதைக் கம்பெனி நிறுத்திவிட்டது. மாளிகைக்காரன் முத்திரை இல்லாதவனை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டான். இரண்டாவதில் நியாயம் இருக்கிறது, 2006-ல் நான் உங்களை அமுக்கச் சொன்னது தப்புதான். ஆனால் முத்திரை காப்பது மாளிகையை. உங்கள் ஸ்கேனர் எத்தனை வருடம் உழைக்கும் என்று அந்த முத்திரை உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அந்த இரண்டையும் நாம் ஒன்றாக நினைத்துக்கொண்டோம்.

தீபாவளிக்கு மறுநாள், மூலையில் கிடந்த பழைய கணினியை எடுத்து லினக்ஸ் போட்டேன். ஸ்கேனர்களுக்காக 'சேன்' என்று ஒரு திட்டம் 1990-களிலிருந்து நடக்கிறது, தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர்கள். கேபிளைச் செருகியதும் மாடல் பெயரைச் சரியாகச் சொன்னது. சிடி கேட்கவில்லை, மஞ்சள் முக்கோணம் வரவில்லை. விண்டோஸ் 11-க்கு ஆகாத கணினியும் கம்பெனி கைவிட்ட ஸ்கேனரும் சேர்ந்து வேலைக்குத் திரும்பின. எல்லா மாடலுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது, சேன் பட்டியலிலும் இல்லாதவை உண்டு.

ஊரில் பெற்றோருக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிரிண்டரோ ஸ்கேனரோ வாங்கும்போது, தனி டிரைவர் இல்லாமல் பொது மொழியிலேயே பேசுமா என்று கேளுங்கள். ஆப்பிள் 2010-ல் ஏர்பிரிண்ட் என்று இதைத் தொடங்கியது. புதிய பிரிண்டர் டிரைவர்களை அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தி இந்தப் பக்கம் நகரப்போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டும் அறிவித்தது. எப்சன் மொழியை எல்லோரும் பேசிய காலம்தான் ஒழுங்கான இலக்கணத்தோடு திரும்பி வருகிறது. இரண்டாவது, டிரைவர் இல்லை என்று ஒருவர் சொன்னதும் சாமானைத் தூக்கிப் போடாதீர்கள். ஊருக்குப் போகும்போது பாதி நாள் அதற்குக் கொடுங்கள்.

போன வாரம் அப்பா அனுப்பிய ஸ்கேன், தாத்தாவின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம். பருப்பு, எண்ணெய், புளி வரவு செலவுக்கு நடுவில் தாத்தாவின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி: எடைக்கல் முத்திரை போட்ட வகையில் செலவு. கூடவே அப்பா ஒரு வரி சேர்த்திருந்தார்.

"கல்லுக்கு முத்திரை போடக் காசு கொடுத்தவர், கடன் சொன்னவங்க கணக்கை முத்திரை இல்லாமலே நம்பி எழுதியிருக்கார் பாரு."